வியட்நாமில் சமையல் பழக எந்த வகுப்பு: உணவகப் பள்ளியா, வீட்டு அடுப்படியா, தோட்டமா?

திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு நேரடி விமானம் 2023 நவம்பரில் தொடங்கியது. அதற்குப் பிறகு எனக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி மட்டும் ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருக்கிறது. வியட்நாம் போகிறோம், அந்த ஊர்ச் சமையலைக் கொஞ்சமாவது கையால் பழகிக்கொண்டு வர ஆசை, ஆனால் தடுக்கி விழுந்தால் ஒரு சமையல் பள்ளி இருக்கிறதே, எதில் சேர்வது?

சென்ற மாதம் கும்பகோணத்திலிருந்து ஒரு தம்பதி எழுதியிருந்தார்கள். மனைவி மீன் சாப்பிடுவார். கணவர் முழுச் சைவம். பயணத்தில் சமையலுக்கென்று ஒதுக்க முடிந்தது ஒரே ஒரு அரை நாள். நான்கு பள்ளிகளின் விளம்பரத்தாளை இணைத்து, "நான்கும் ஒன்று போலவே இருக்கின்றன, நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார்கள். அவர்களுக்கு எழுதிய பதிலைத்தான் விரித்து இங்கே தருகிறேன். மூன்று பயணங்களில் ஐந்து வகுப்புகளில் அடுப்படியில் நின்றிருக்கிறேன். இரண்டில் கற்றதை இன்றும் வாரந்தோறும் வீட்டில் சமைக்கிறேன். மற்ற மூன்றில் கற்றது கையில் தங்கவில்லை. ஏன் தங்கவில்லை என்று யோசித்தபோது கிடைத்தவைதான் கீழே வரும் அளவுகோல்கள்.

## முதலில் அளவுகோல்

உங்கள் கிண்ணத்தை ருசி பார்ப்பது யார்? எனக்கு இதுதான் முதல் கேள்வி. மற்றவை எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

வியட்நாம் சாப்பாட்டில் சிறு கிண்ணத்தில் ஒரு தொட்டுகை வைப்பார்கள். நுவொக் சாம் என்று பெயர். மீன்சாறு ஒரு பங்கு, சர்க்கரை ஒரு பங்கு, எலுமிச்சைச் சாறு ஒரு பங்கு, தண்ணீர் நான்கைந்து பங்கு, மேலே பூண்டும் மிளகாயும். எழுதினால் ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரியை நம்பிச் செய்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வரும். காரணம் மீன்சாறு. நெத்திலி மூன்று பங்கு, உப்பு ஒரு பங்கு என்ற கணக்கில் பெரிய மரத்தொட்டிகளில் ஓராண்டு வரை ஊறவைத்து இறக்குவதுதான் நுவொக் மாம் என்ற இந்த மீன்சாறு. ஃபு குவோக் தீவின் மீன்சாற்றுக்கு 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்புக் கொடுத்தது. அந்த அளவுக்கு ஊருக்கு ஊர், தொட்டிக்குத் தொட்டி அது வேறுபடும். புட்டியின் மேல் 30, 40 என்று ஓர் எண் இருக்கும். லிட்டருக்கு எத்தனை கிராம் நைட்ரஜன் என்பது அது. எண் கூடக் கூடச் சாறு அடர்த்தி. எலுமிச்சையின் புளிப்பும் பழத்துக்குப் பழம் மாறும். ஆகவே அளவைக் கற்பது போதாது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று நாக்குக்குத் தெரிந்தாக வேண்டும். நம் ரசம் போலத்தான். புளி எவ்வளவு என்று கேட்டால் எந்தப் பாட்டியும் கிராமில் பதில் சொன்னதில்லை.

ஹோய் ஆன் என்ற ஊரில் நான் கலந்த கிண்ணத்தை ஆசிரியை ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. எலுமிச்சைத் துண்டை அழுத்தி நான்கு சொட்டு விட்டார், கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். ருசித்தேன். பிறகு அரைக் கரண்டி வெந்நீர் ஊற்றினார், மறுபடி தள்ளினார். மூன்றாவது முறை அவர் கை வைக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சர்க்கரை ஒரு சிட்டிகை போட்டேன். தலையசைத்தார். மொத்தம் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அந்த வகுப்புக்குக் கொடுத்த பணம் முழுவதும் அந்த இரண்டு நிமிடத்துக்கே தகும்.

கைவேலை எவ்வளவு? ஆளுக்கொரு அடுப்பு உண்டா, இரண்டு பேருக்கு ஒன்றா, அல்லது ஆசிரியர் செய்ய நீங்கள் பார்ப்பதா? காய்கறியை நீங்களே நறுக்குகிறீர்களா, நறுக்கிய தட்டு மேசைக்கு வருகிறதா?

ஊருக்குத் திரும்பிச் செய்ய முடியுமா? அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, இஞ்சி, எலுமிச்சைப் புல், புதினா, கொத்தமல்லி எல்லாம் நம்மிடம் இருக்கின்றன. அரிசித்தாளும் மீன்சாறும் பெருநகரக் கடைகளில் கிடைக்கின்றன. அடிப்பக்கம் ஊதாவாக இருக்கும் டியா டோ இலை கிடைக்காது. கிடைக்காததற்கு மாற்று என்ன என்று சொல்லித்தரும் ஆசிரியர் வேண்டும்.

மீன்சாறு இல்லாமல் நடக்குமா? சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இதுவே முதல் அளவுகோல். இதற்குத் தனியாக வருகிறேன்.

சொல்லாத செலவு என்ன? நான் விசாரித்தவரை பெரும்பாலான அரை நாள் வகுப்புகள் ஆளுக்கு 25 முதல் 45 டாலருக்குள் முடிகின்றன. வித்தியாசம் கட்டணத்தில் பெரிதாக இல்லை. போக்குவரத்திலும் நேரத்திலும்தான் இருக்கிறது.

## ஒன்று: சமையற்கலைஞர் தம் உணவகத்தோடு நடத்தும் பள்ளி

இந்த வகைக்குத் தலைநகர் ஹோய் ஆன். து போன் ஆற்றங்கரையில் சீன, ஜப்பானிய வணிகர்கள் கடை போட்டிருந்த பழைய துறைமுகம். 1999-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பழைய நகரத்தைக் காலால் நடந்தே சுற்றிவிடலாம். சந்தை, ஆறு, உணவகம் மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. சமையல் பள்ளிகள் இங்கே வேர் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த ஊரில் எல்லோரும் சொல்லும் பெயர் திரின் தியெம் வி. சமையல் குடும்பத்தில் பிறந்து, 1990-களின் தொடக்கத்தில், பயணிகள் வரத் தொடங்கிய காலத்திலேயே சொந்த உணவகம் திறந்தவர். பின்னால் உணவகங்களோடு சமையல் பள்ளியையும் சேர்த்து நடத்தினார். தெருக்கடைச் சாப்பாட்டை மேசைக்குக் கொண்டுவந்து, அதை எப்படிச் செய்வது என்றும் சொல்லிக்கொடுப்பது அவர் வழி. பின்னால் வந்த பல பள்ளிகள் இதே அமைப்பில் நடக்கின்றன: காலையில் சந்தை, பிறகு வரிசையான அடுப்புகள், நான்கைந்து பதார்த்தம், முடிவில் செய்ததை நீங்களே உட்கார்ந்து சாப்பிடுவது.

இதன் பலம் ஒழுங்கு. நூற்றுக்கணக்கான முறை சோதித்த செய்முறை கையில் கிடைக்கும். அயல்நாட்டார் எங்கே தவறுவார்கள் என்று ஆசிரியருக்கு முன்கூட்டியே தெரியும். என் தவறும் அப்படித்தான் பிடிபட்டது. பான் ஸெயோ என்றொரு மொறுமொறுப்பான அடை. அரிசிமாவு, மஞ்சள்தூள், தேங்காய்ப்பால், மோர் போல நீர்த்த கரைசல். சட்டியில் ஊற்றும்போது எழும் "ஸெயோ" ஓசைதான் அதற்குப் பெயரானது. நாம் "சொய்" என்போம். கரைசலை ஊற்றியதும் என் கை தானாகக் கரண்டியின் முதுகால் வட்டம் போடத் தொடங்கிவிட்டது. ஆசிரியை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கரண்டியை வாங்கி வைத்துவிட்டு, சட்டியைத் தூக்கிச் சுழற்றிக் காட்டினார். மாவு தானே ஓடி ஓரத்தில் சல்லடை போல நின்றது. தேய்த்தால் புளிக்காத மாவு கிழிந்துவிடும், மொறுமொறுப்பும் வராது. தோசை ஊற்றிப் பழகிய எல்லோருக்கும் இந்தத் தவறு வரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குறைகளும் இந்த ஒழுங்கிலிருந்துதான் வருகின்றன. மூன்றரை மணி நேரத்தில் ஐந்து பதார்த்தம் என்றால் பாதி வேலை முன்பே முடிந்திருக்கும். பூண்டு நறுக்கி இருக்கும், இறைச்சி ஊறி இருக்கும், எலும்புச் சாறு கொதித்து இருக்கும். எலும்புச் சாற்றில் நூடுல்ஸ் போட்டுத் தரும் ஃபோவைக் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லும் அரை நாள் வகுப்பில் அந்தச் சாற்றை நீங்கள் செய்யவே மாட்டீர்கள். எலும்பை ஒரு கொதி கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டுவது, இஞ்சியையும் வெங்காயத்தையும் நெருப்பில் கருகச் சுடுவது, அன்னாசிப்பூவையும் பட்டையையும் வறுத்துப் போட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் மெல்லக் கொதிக்கவிடுவது என்று எல்லாம் முந்தின நாளே நடந்திருக்கும். நூடுல்ஸை வைத்து மேலே ஊற்றுவது மட்டும் உங்கள் பங்கு.

இன்னொன்றையும் மனதில் கொள்ளுங்கள். பெயர் பெற்ற ஒருவரின் பள்ளி என்றால் அவரே வந்து கற்பிப்பார் என்பது பொதுவாக எங்கும் இல்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர்தான் வகுப்பெடுப்பார். அதில் தவறொன்றும் இல்லை. தவறு எண்ணிக்கையில் வரும். நான் சேர்ந்த ஒரு வகுப்பில் இருபத்திரண்டு பேர், பெயர் வேண்டாம். ஆசிரியர் ஒலிவாங்கியில் பேசினார், நாங்கள் அவர் சொன்னபடி கிண்ணத்தில் ஊற்றினோம். யாருடைய கிண்ணத்தையும் யாரும் ருசி பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டிருந்தார். சாப்பிட உட்காரும்வரை அது தெரியவில்லை.

எப்போது இது சரி: முதல் தடவை போகிறீர்கள், ஆங்கிலம் புரியும், எழுதிய செய்முறை வேண்டும் என்றால். பத்துப் பேருக்கு மேல் சேர்க்காத வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள்.

## இரண்டு: வீட்டு அடுப்படி

ஹனோயிலும் ஹுவேயிலும் பெண்கள் தங்கள் வீட்டிலேயே இரண்டு முதல் ஆறு பேருக்கு நடத்தும் வகுப்புகள் நிறைய இருக்கின்றன. காலையில் அவரோடு பக்கத்துச் சந்தைக்குப் போவீர்கள். பயணிகளுக்கென்று வடிகட்டிய சந்தை சுற்றுலா வேறு. தனக்கு வேண்டியதைத் தினமும் வாங்கும் கடையில் அவர் பேரம் பேசுவதைப் பார்ப்பது வேறு. ஆசிரியையை "சி" என்று கூப்பிடலாம். அக்கா என்று பொருள். அங்கும் நம்மைப் போல முறை வைத்துத்தான் ஆளைக் கூப்பிடுகிறார்கள். அப்படிக் கூப்பிட்டதும் வீட்டுக்குள் ஓர் இடம் கிடைத்துவிடும்.

ஹுவே, நுயென் அரசர்களின் தலைநகரமாக 1802 முதல் 1945 வரை இருந்த ஊர். அரண்மனைச் சமையலின் சாயல் வீட்டுப் பலகாரங்களில் இன்றும் தெரியும்; எல்லாம் சின்னச் சின்ன அளவில், தட்டு நிறைய அடுக்கி வரும். நான் கற்றது பான் லோக். மரவள்ளி மாவைப் பிசைந்து, உள்ளே இறாலும் பன்றி இறைச்சியும் வைத்து, வாழை இலையில் மடித்து வேகவைப்பது. வெந்ததும் கண்ணாடி போல ஆகி உள்ளிருக்கும் இறால் தெரியும். என்னோடு இருந்த இரண்டு ஐரோப்பியப் பெண்கள் இலையைக் கிழித்துக் கிழித்துத் தவித்தார்கள். நான் இலையைத் தணலில் வாட்டிக்கொண்டு மடித்ததும் அந்த அக்கா என் கையைப் பிடித்துப் பார்த்தார். பூரணக் கொழுக்கட்டையும் இலை அடையும் செய்து பழகிய கை, அவ்வளவுதான். நம் ஊர்க்காரர்களுக்கு ஹுவேயின் பலகாரங்கள் மிக விரைவில் வசப்படும் என்பது என் உறுதியான கருத்து.

ஹனோய்ப் பக்கத்தின் பான் குவோனும் அப்படியே. கொதிக்கும் பானையின் வாயில் துணியை இழுத்துக் கட்டி, அரிசிக் கரைசலைக் காகிதம் போலப் பரப்பி, மூடி, ஒரு மூங்கில் பட்டையால் கிழியாமல் தூக்குவார்கள். இலை வடாம் வார்த்திருக்கிறவர்களுக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிடும். இதே அரிசித் தோலை மூங்கில் தட்டியில் வெயிலில் காயவைத்தால் அது பான் டிராங், நாம் கடையில் வாங்கும் அரிசித்தாள். இந்த உறவை எந்தச் செய்முறைப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. அந்த நீராவிக்கு முன்னால் நின்றபோது என் கைதான் சொன்னது.

குறைகள்: எழுதிய அளவு கிடைக்காது, நீங்களேதான் குறித்துக்கொள்ள வேண்டும். அக்காவுக்கு ஆங்கிலம் குறைவாக இருக்கும். மகளோ மருமகளோ இடையில் நின்று சொல்வார். ஆள் சேராவிட்டால் கடைசி நேரத்தில் ரத்து செய்வார்கள், அல்லது ஒருவராகப் போனால் இரண்டு பேர் கட்டணம் கேட்பார்கள். வீடு நகரின் ஓரத்தில் இருந்தால் போக வர வண்டிச் செலவு தனி. தரமும் ஒரே சீராக இருக்காது. நல்ல அக்கா கிடைத்தால் வாழ்நாள் முழுவதும் பேசுவீர்கள். இல்லாவிட்டால் ஒரு மதியச் சாப்பாடு மிஞ்சும்.

எப்போது இது சரி: வீட்டில் தினமும் சமைக்கிறவர், ஒன்றிரண்டு பதார்த்தமானாலும் ஆழமாகப் பழக வேண்டும் என்கிறவர், முன்பே ஒரு தடவை வியட்நாம் போய் வந்தவர்.

## மூன்று: தோட்டமும் படகும்

ஹோய் ஆன் பழைய நகரத்திலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டரில் டிரா குவே என்ற கீரைக் கிராமம் இருக்கிறது. ஆற்றுப் பாசியை வாரி மண்ணில் போட்டு உரமாக்குவது அவர்களின் பழைய வழக்கம். 2024-இல் ஐ.நா. சுற்றுலா அமைப்பு தன் சிறந்த கிராமங்கள் பட்டியலில் இதைச் சேர்த்தது. தோளில் காவடி போல இரண்டு பூவாளிகளைத் தூக்கித் தண்ணீர் விட்டு, கீரை பறித்து, அங்கேயே சமைப்பது இந்த வகுப்பு. பக்கத்தில் காம் தானில் நீர்த்தென்னை மண்டிய கழியில் வட்டப் பரிசல் சவாரியையும் சேர்த்துக் கொடுக்கிறவர்கள் உண்டு. நம் ஒகேனக்கல் பரிசலின் தம்பி அது.

சமையலுக்கு என்று பார்த்தால் இதில் அடுப்புக்கு முன் நிற்கும் நேரம் மிகக் குறைவு. நான் போனபோது நான்கு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் கூடத் தேறவில்லை. பரிசலிலும் படம் எடுப்பதிலும் மற்ற நேரம் போனது.

ஆனாலும் ஒரு விஷயத்தில் மற்ற எல்லா வகுப்புகளையும் இது வென்றுவிடுகிறது. இலைகள். வியட்நாம் சாப்பாட்டின் பாதி உயிர் பச்சை இலையில் இருக்கிறது. பாத்தியில் குனிந்து கிள்ளி, உள்ளங்கையில் கசக்கி முகர்ந்தால்தான் எந்த இலைக்கு எது மாற்று என்று தெரியும். அங்கே ஒரு இலையை முகர்ந்ததும் கோயில் வாசல் நினைவு வந்தது. நம் திருநீற்றுப் பச்சிலையின் நெருங்கிய உறவு அது. வீட்டுத் தொட்டியில் இருக்கும் செடியைச் சமையலில் போடலாம் என்று அன்றுதான் எனக்குத் தோன்றியது.

எப்போது இது சரி: பிள்ளைகளோடு போகிறவர்கள், வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள், வீட்டில் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள். மழைக்காலத்தில் வேண்டாம், அக்டோபர், நவம்பரில் து போன் பெருகி ஹோய் ஆனுக்குள்ளேயே வெள்ளம் வருவது வழக்கம்.

## நான்கு: தொழிற்பயிற்சி நிறுவனத்தின் வகுப்பு

ஹனோயில் 1999-இல் ஜிம்மி ஃபாம் என்ற வியட்நாமிய ஆஸ்திரேலியர் கோட்டோ என்ற அமைப்பைத் தொடங்கினார். ஆதரவற்ற, வறுமைப்பட்ட இளைஞர்களுக்குச் சமையலும் உணவக வேலையும் இரண்டாண்டு கற்பித்து வேலைக்கு அனுப்புவது அதன் பணி. இப்படிப்பட்ட பயிற்சி உணவகங்கள் சில, பயணிகளுக்கும் குறுகிய வகுப்புகள் நடத்துகின்றன. கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் என்பதால் கத்தி பிடிப்பதிலிருந்து திருத்துவார்கள். நீங்கள் கொடுக்கும் பணம் இன்னொருவர் படிப்புக்குப் போகிறது என்பதும் எனக்குப் பெரிய விஷயம். தேதிகள் குறைவு, முன்பே எழுதிக் கேட்க வேண்டும். உங்கள் பயணத் தேதியோடு பொருந்தினால் யோசிக்காமல் சேரலாம்.

## ஐந்து: பல நாள் தனி வகுப்பு

சென்னையிலோ கோவையிலோ சிறு கடை திறக்க நினைப்பவர்களுக்கு மட்டும் இது. 2023 ஆகஸ்ட் முதல் மின்விசாவில் 90 நாள் வரை தங்கலாம் என்பதால் காலம் தடையில்லை. எலும்புச் சாற்றை முதல் நாள் ஏற்றி மறுநாள் இறக்குவதைக் கண்ணால் பார்க்க வேறு வழியில்லை. கட்டணத்தைவிட அறை வாடகையும் சொந்தமாகச் சமைத்துப் பார்க்க வாங்கும் பொருள்களும் அதிகம் இழுக்கும்.

## ஒரே பார்வையில்

| | உணவகப் பள்ளி | வீட்டு அடுப்படி | தோட்டம், படகு | பயிற்சி நிறுவனம் |
|---|---|---|---|---|
| உங்கள் கிண்ணத்தை ருசி பார்ப்பார்களா | சிறு வகுப்பில் ஆம். பெரிய வகுப்பில் இல்லை | ஆம் | அரிது | ஆம் |
| அடுப்பில் நிற்கும் நேரம் | நடுத்தரம் | அதிகம் | குறைவு | அதிகம் |
| எழுதிய செய்முறை | உண்டு | பெரும்பாலும் இல்லை | சுருக்கமாக | உண்டு |
| சைவ ஏற்பாடு | எளிது | ஆளைப் பொறுத்தது. ஹுவேயில் நன்று | எளிது | முன்பே கேட்டால் எளிது |
| சொல்லாத செலவு | கூட்டம், முன்பே முடித்த வேலை | வண்டி, குறைந்தபட்ச ஆள் கட்டணம், ரத்து | நேரம், மழை | தேதிக்காகக் காத்திருத்தல் |

## எந்த ஊரில்?

காரமும் எலுமிச்சைப் புல்லும் பிடித்தவர்கள் ஹுவே. புன் போ ஹுவே என்ற நூடுல்ஸ் சாற்றில் இறால் விழுது போடுவார்கள். கருவாட்டுக் குழம்பு பிடித்தவருக்கு அது பிடிக்கும். சர்க்கரை குறைந்த, தெளிந்த சுவை வேண்டுமென்றால் ஹனோய். மஞ்சளில் ஊறிய மீனைச் சோயிக் கீரையோடு (சதகுப்பை இலை) பிரட்டும் சா கா அங்கே கற்க வேண்டியது. ஹோய் ஆனின் காவ் லாவ் நூடுல்ஸை மட்டும் வகுப்பில் எதிர்பார்க்காதீர்கள். அரிசியைச் சாம்பல் நீரில் ஊறவைத்துச் செய்யும் அந்த நூலை அங்கேயே ஒரு சில குடும்பங்கள்தான் செய்கின்றன.

சைகோன், அதாவது ஹோ சி மின் நகரம், தேங்காய்ப்பாலும் இனிப்பும் கூடிய தெற்கு. அங்கே கா ரி கா என்று ஒரு கோழிக்குழம்பு உண்டு, பிரெஞ்சு ரொட்டியோடு சாப்பிடுவார்கள். பெயரில் இருக்கும் "கறி" நம்முடையது. நாட்டுக்கோட்டை நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலும் மாரியம்மன் கோயிலும் அந்நகரின் நடுவில் இன்றும் இருக்கின்றன. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இந்தோசீனாவுக்குப் போய்ப் புதுச்சேரி திரும்பிய குடும்பங்கள், அங்கே பழகிய பொரித்த அரிசித்தாள் சுருளைத் தங்கள் வீட்டுப் பலகாரமாகவே வைத்துக்கொண்டார்கள். புதுச்சேரிக்காரர்கள் சைகோனில் ஒரு வகுப்பில் சேர்ந்தால் பாதிப் பாடம் வீட்டிலேயே முடிந்திருக்கும்.

## சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

பயப்பட வேண்டாம், ஆனால் கவனம் வேண்டும். அங்கே புத்த நெறிப்படி சைவம் உண்பதற்குச் "சாய்" என்று பெயர். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, பலர் சாய் சாப்பிடுவார்கள். அன்று சைவக் கடைகளில் கூட்டம் நெரியும். கோயில்கள் நிறைந்த ஹுவேயில் சைவச் சமையல் ஒரு தனிக் கலை. பலாப் பிஞ்சு, காளான், டோஃபு, வாழைப்பூ என்று நமக்குப் பழகிய பொருள்கள்தான் எல்லாம். மீன்சாற்றுக்குப் பதிலாகச் சோயாவில் செய்த சைவச் சாறும் உண்டு.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், "காய்கறி மட்டும்" என்று நீங்கள் சொன்னால் இறைச்சித் துண்டுகளை எடுத்துவிட்டு மற்றதை அப்படியே வைத்துவிடுவார்கள். தொட்டுகையில் மீன்சாறு, சாற்றில் எலும்பு, வதக்கலில் சிப்பிச் சாறு இருக்கும். "தோய் ஆன் சாய்", நான் சாய் சாப்பிடுகிறேன், என்று சொல்லுங்கள். இந்த ஒரு சொல்லுக்கு அங்கே ஒரு முழு அர்த்தம் இருக்கிறது. சாய் சமையலில் பூண்டு, வெங்காயத்தையும் விலக்குகிறவர்கள் உண்டு. உங்களுக்கு அவை வேண்டுமென்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

சைவக்காரர் பெரிய வகுப்பில் சேர்ந்தால் ஓரத்தில் தனி அடுப்பு கிடைக்கும், தனிக் கவனிப்புக் கிடைக்காது. ஆசிரியர் அசைவக் கிண்ணத்தைத்தான் எல்லோருக்கும் காட்டிப் பேசுவார். சைவம் மட்டுமே கற்பிக்கும் வகுப்பு அல்லது நான்கு பேருக்குள் நடக்கும் வீட்டு வகுப்பு, இரண்டில் ஒன்றைத் தேடுங்கள்.

## பணம் கட்டுவதற்கு முன்

டெட் என்ற சந்திரப் புத்தாண்டையொட்டி, ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரியில், பல வகுப்புகள் மூடியிருக்கும், சந்தையும் வெறிச்சோடும். காலை வகுப்பென்றால் விடுதியில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், ஐந்து பதார்த்தம் காத்திருக்கிறது. மீன்சாறு புட்டியைக் கைப்பையில் விடமாட்டார்கள். வாசனைக்கும் கசிவுக்கும் அஞ்சிச் சரக்குப் பையிலும் ஏற்காத விமான நிறுவனங்கள் உண்டு. கேட்டுவிட்டு வாங்குங்கள். சந்தையில் ஆசைப்பட்டு வாங்கும் காய் சீவும் கத்தியும் அப்படித்தான். அரிசித்தாள் எடை குறைவு, நொறுங்காமல் துணிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவரலாம்.

பள்ளிக்கு எழுதும்போது மூன்று கேள்வி போதும். வகுப்பில் அதிகபட்சம் எத்தனை பேர்? எந்தெந்த வேலை முன்பே முடிந்திருக்கும்? தொட்டுகையை ஒவ்வொருவரும் தனியாகக் கலக்கிறோமா, அதை ஆசிரியர் ருசி பார்ப்பாரா? மூன்றாவது கேள்விக்கு நேரான பதில் வராத இடத்தை நான் விட்டுவிடுவேன்.

கும்பகோணத்துத் தம்பதிக்கு ஹுவேயில் ஒரு வீட்டு வகுப்பைச் சொன்னேன், அவர்கள் தேதிக்குப் பௌர்ணமி இரண்டு நாள் தள்ளி வந்ததால் பயணத்தையே இரண்டு நாள் மாற்றிக்கொண்டார்கள். எழுதிக் கேட்டபோது மருமகள் மூலம் அந்த அக்கா அனுப்பிய பதிலை எனக்கும் அனுப்பியிருந்தார்கள்: "இரண்டு கிண்ணம் வைக்கிறேன். அம்மாவுக்கு மீன், ஐயாவுக்குச் சாய். அன்று நானும் சாய்தான், அதனால் ஐயாவின் கிண்ணத்தை நான் ருசி பார்க்கிறேன். அம்மாவின் கிண்ணத்துக்கு என் மாமியார் வருவார்."